ஆலிஸ் வீட்டுச் சுவர்

"சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது யாரு? நீங்கதானே அண்ணே! இப்ப என்னமோ என் மூஞ்சியப் பாத்தா?"

"நான் சொன்னா உனக்கு மூளை எங்க போச்சு, வீரம்மா? கெணத்துல குதின்னா குதிப்பியா?"

"குதிச்சிருக்கலாம் லா! உங்க பேச்சக் கேட்டதுக்கு அது தேவல!"

கம்போங் லெம்பாவின் பொதுக் குழாயடியில் வாளிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இப்படியொரு சண்டை மாதத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். கம்போங் தலைவர் கார்த்திகேசு கையில் நகர ஆபீஸ் கடிதம் ஒன்று கசங்கிக்கொண்டிருந்தது. மலாயில் இருந்ததை மூன்று தரம் வாசித்துவிட்டார். மூன்று தரமும் அது ஒரே சேதியைத்தான் சொன்னது. பார்வையிட்டதில் வெள்ளம் வந்த அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே இங்கே தண்ணீர் வடிய லோங்காங் கட்ட ஒதுக்கிய பணத்தைப் பட்டணத்துப் பூங்காவின் நீரூற்றுக்கு மாற்ற உத்தேசம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு.

"நாம தண்ணி வெளிய போக வழி கேட்டோம். அவங்க தண்ணி மேல ஏற வழி பண்றாங்க," என்றாள் வீரம்மா. சிரிப்பு எழுந்தது. ஆலிஸ் மட்டும் சிரிக்காமல், நிரம்பிய வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி பார்க்க வருமுன் சுண்ணாம்பை அவளைப்போல் யாரும் மெனக்கெட்டு அடிக்கவில்லை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரியும்.

ஈப்போவுக்கு வெளியே ஒரு பள்ளத்தில் இருந்தது கம்போங் லெம்பா. ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியே வந்த முப்பது குடும்பங்கள் பலகை வீடு கட்டிக்கொண்ட இடம். முதல் இரண்டு வருஷம் வெள்ளமே கிடையாது. அப்புறம் மேட்டில் நின்ற ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு தாமான் என்று புது வீட்டு வரிசை ஒன்று எழுப்பினார்கள். தார் ரோடு, சிமெண்டு முற்றம், காருக்குத் தனிக் கூரை. அதுவரை மரமும் மண்ணும் குடித்துவந்த மழை, குடிப்பார் இல்லாமல் நேரே கீழே இறங்கியது. மேட்டு வீட்டுக்காரர்கள் கார் கழுவுவார்கள். பள்ளத்து வீட்டுக்காரர்கள் அரிசி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மூன்று மனு போட்டு, நாலாவது மனுவில்தான் பணம் ஒதுக்கினார்கள். ஒதுக்கியவர்கள், ஓர் அதிகாரி வந்து நேரில் பார்ப்பார் என்றும் எழுதினார்கள்.

அதில்தான் வந்தது வினை. தோட்டத்தில் துரை, கூலிகள் குடியிருந்த லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே சுண்ணாம்பு வாளி வந்துவிடும். சுவரில் அழுக்கு இருந்தால் துரை அங்கே குடியிருப்பவனைத்தான் ஏசுவார். கூரையை ஒழுகவிட்டது யார் என்று கேட்க மாட்டார். தோட்டம் போய்ப் பத்து வருஷம் ஆகியும் அந்தப் பயம் மட்டும் கூடவே குடிவந்துவிட்டது. "பெரிய மனுசன் வாராரு, மானத்த வாங்கிறாதீங்க," என்று கார்த்திகேசு சொன்னதுதான் தாமதம், ஒரே சனிக்கிழமையில் முப்பது வீடும் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை வந்த அதிகாரி, இளவயது மலாய்க்காரர், நல்ல பிள்ளை. வீடு வீடாகத் தலையை நீட்டிப் பார்த்து, "சந்தெக், சந்தெக்" என்று மெச்சிவிட்டு, வீரம்மா கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். அவரைச் சொல்லி என்ன குற்றம்?

ஆலிஸ் வீட்டுக் கதை இன்னும் கொஞ்சம் கூடுதல். அவளுடைய அப்பா லூர்துசாமி ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவைப்பார். பக்கத்தில் தேதி போடமாட்டார். அந்த நேரத்துத் திருநாளை எழுதுவார். 'கல்லறைத் திருநாள் 76' நெஞ்சு உயரத்தில் இருந்தது. 'கிறிஸ்துராஜா 74' இடுப்பில். 'சவேரியார் 77' அவற்றுக்கு நடுவில். முதல் கோடு முழங்காலோடு நின்றது. நாலு கோட்டையும் மூன்று பூச்சு பூசி மறைத்தவள் ஆலிஸ்தான். அதிகாரிக்காக அல்ல. செமோரில் இருக்கும் குழந்தையம்மாள் வந்து வீடு பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

குழந்தையம்மாள், மத்தியாஸின் தாய். மத்தியாஸ் சுங்கை சிப்புட்டிலிருந்து பலகை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். கம்போங் சந்திப்பைக் கடக்கும்போது இரண்டு தரம் ஹார்ன் அடிப்பான். அந்நேரம் ஆலிஸ் கையில் எது இருந்தாலும் அப்படியே நிற்கும். சோறு அடிபிடித்திருக்கிறது, அயர்ன் பெட்டி ஒரு பாவாடையைத் தின்றிருக்கிறது. வயது கேட்டால் இருபத்தாறு என்பாள். கோயில் ஞானஸ்நானப் புத்தகம் இருபத்தொன்பது என்றது. கால் விளங்காத அப்பாவை விட்டு அவளால் வரமுடியாது என்பதால் மத்தியாஸ் வீட்டோடு மாப்பிள்ளையாக வருவதாகப் பேச்சு. தாய்க்காரி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: "தண்ணி ஏறாத வூடா இருக்கணும்." கைக்குழந்தை ஒன்றை வெள்ளத்துக்குப் பறிகொடுத்தவள். அவளிடம் வேறு பேச்சு பேசமுடியாது. ஆலிஸ் சொல்லிவிட்டாள்: "வாசலோட நின்னுடும் அத்தே. உள்ள வராது."

பொய்தான். மத்தியாஸுக்கும் தெரிந்த பொய். இடுப்பளவு தண்ணீரில் அவள் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவனே அவன்தான்.

கார்த்திகேசு அன்றே பஸ் பிடித்து நகர ஆபீசுக்குப் போனார். மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, கெஞ்சி, ஒரு வழி வாங்கிவந்தார். புதன்கிழமை அதே அதிகாரி மறுபடி வருவார். தண்ணீர் எந்த வருஷம் எவ்வளவு ஏறியது என்று கண்ணுக்குத் தெரியக் காட்டவேண்டும், வாய்ப்பேச்சு எடுபடாது.

"சுரண்டிப் பாத்தேன் அண்ணே," என்றாள் வீரம்மா. "என் வூட்டுல வெறும் சேறுதான் லா தெரியுது. கூரை ஒழுகின கறைன்னுவாரு."

எல்லாரும் ஆலிஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் வூட்டுல ஒண்ணும் இல்ல," என்றாள் ஆலிஸ்.

"இல்லியா? உங்கப்பன் எழுதி வச்சது?"

"அழிஞ்சு போச்சு."

கார்த்திகேசுவின் மனைவி பாப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய தங்கை செமோரில் குழந்தையம்மாளுக்கு அடுத்த வீடு. வாய்ப்பேச்சு என்றால் ஆலிஸ் மறுத்துவிடலாம்; இந்தச் சுவரில் ஒரு கோடு தெரிந்தால், அதிகாரியின் பேனா மூடுவதற்குள் செமோருக்குச் சேதி போய்விடும். தபால் இலாகா பாப்பாவிடம் பாடம் கேட்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மத்தியாஸ் வந்தான். லோரியைச் சந்திப்பிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். வாசல் படியில் நின்றபடியே பேசினார்கள். எதிர் வீட்டில் இரண்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன.

"நாளைக்குக் காட்டலன்னா காசு போயிரும். காட்டுனா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிரும்," என்றாள் ஆலிஸ்.

"காட்டாத."

"அப்புறம் மழை வந்தா?"

"நான் இருக்கேன்ல. தூக்குறேன்."

"எங்கப்பாவத் தூக்குவே. வீரம்மாக்கா புள்ளைங்க நாலு பேரையும் தூக்குவியா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். அவள் தணிந்த குரலில், "நீயே அம்மாகிட்ட சொல்லேன். லோங்காங் வரப்போவுது, அப்புறம் தண்ணி வராதுன்னு. நீ சொன்னா கேக்கும்," என்றாள்.

"அம்மாவப் பத்திதான் உனக்குத் தெரியுமே, ஆலிஸ்."

"உன்னப் பத்தித்தான் கேக்குறேன்."

"இந்த மழைக்காலம் போகட்டும். அப்புறம் பாத்துப் பேசுறேன் லா."

அவன் போன பிறகும் அவள் படியை விட்டு நகரவில்லை. லோரி கிளம்பும் சத்தம் கேட்டது. ஹார்ன் கேட்கவில்லை. மறந்திருப்பான் என்று அவளே சொல்லிக்கொண்டதாக எதிர் ஜன்னல் பின்னாளில் சாட்சி சொன்னது.

புதன்கிழமை காலை அதிகாரி வந்து வீரம்மா வீட்டில் சுரண்டியதைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கார்த்திகேசு வேர்த்து விறுவிறுத்துப்போய் மலாயில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஆலிஸ் தன் வீட்டு வாசலுக்கு வந்து, "துவான், சினி" என்று கூப்பிட்டாள்.

கையில் அம்மாவின் பால் சீவும் கத்தி. செத்துப்போன அம்மா இருபது வருஷம் ரப்பர் மரத்தில் ஓட்டிய கத்தி. மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் காகிதம்போல் எடுக்கிற கை இந்த வீட்டுப் பெண்களுக்கு. ஆலிஸ் அதே சாய்வில் கத்தியை வைத்துச் சுவரைச் சீவினாள். சுண்ணாம்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. கரி அப்படியே நின்றது. முதலில் ஒரு கோடு. பிறகு எழுத்து. 'கல்லறைத் திருநாள் 76.' பக்கத்தில் நின்று பார்த்தால் அவளுடைய நெஞ்சுக்குச் சரியாக இருந்தது.

"அது நவம்பர் ரெண்டு," என்று உள்ளேயிருந்து லூர்துசாமி குரல் கொடுத்தார். "காலைப் பூசைக்குப் போவ முடியல!"

அதிகாரி நாடாவை எடுத்து அளந்தார். நாலு கோட்டையும் அளந்தார். எழுதிக்கொண்டே ஏதோ கேட்டார். இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும். கார்த்திகேசு, "மாலு, துவான், மாலு," என்றார். வெட்கம்தான் காரணம் என்றால் முழுப் பொய்யும் இல்லை. ஆலிஸ் கூட்டத்தில் பாப்பா நின்ற இடம் காலியாக இருந்ததை மட்டும் பார்த்தாள். பதினொரு மணி செமோர் பஸ் போயிருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பணத்தை இடம் மாற்றவில்லை. கம்போங் லெம்பாவுக்கே என்று முடிவானது. குழாயடியில் கார்த்திகேசு தானே சாதித்ததுபோல் மார்பைத் தட்டிக்கொண்டார். வீரம்மா அதற்கும் ஒரு சண்டை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையம்மாளிடமிருந்து ஆள் வந்தது. ஒரே வரிதான்: "பொய் சொல்லி எம் மவனக் கூப்பிட்டது தண்ணிக்குள்ளயா?" ஆலிஸ் அதற்கு மறுமொழி அனுப்பவில்லை. மத்தியாஸ் வருவான் என்று இருந்தாள். அந்த மழைக்காலம் போயிற்று, அடுத்ததும் போயிற்று. அவன் லோரி வேறு பாதையில் ஓடுவதாகச் சொன்னார்கள். ஹார்ன் சத்தம் எதுவானாலும் அவள் கை ஒரு விநாடி நின்றதைப் பார்க்காதவர் இல்லை. கேட்டவரும் இல்லை, இந்த ஊரில் அது அதிசயம்தான்.

லோங்காங் கட்டி முடிய பதினாலு மாதம் ஆனது. அதற்கு ஒரு மாதம் முன்பு மத்தியாஸுக்கு சுங்காயில் மேட்டு வீட்டுப் பெண் ஒருத்தியோடு கல்யாணம் முடிந்து, இருவரும் ஜொகூருக்குப் போய்விட்டார்கள். வீரம்மா தன் மூத்த மகள் கல்யாணத்தை நல்ல ஐப்பசி மழையில் வைத்தாள். பந்திக்கு வந்தவர்கள் செருப்பு நனையாமல் வீடு திரும்பினார்கள். கார்த்திகேசுவும் பாப்பாவும் கிள்ளானில் மகன் வீட்டுக்குக் குடிபோனார்கள். செமோர் சேதி அதோடு நின்றது. எண்பத்து மூன்றில் லூர்துசாமி காய்ந்த கட்டிலில், தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். மறுவருஷம் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருந்த ஆம்புரோஸ், மனைவியை இழந்தவர், பெண் கேட்டு வந்தார். ஆலிஸ் சரி என்றாள். கடைக்கு மேலே மாடியில் குடித்தனம். ஆம்புரோஸ் நல்ல மனுசன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். விசாரிக்கப் போன ஒவ்வொருவரிடமும் ஆலிஸும் "நல்ல மனுசன்" என்றுதான் சொன்னாளாம். அதற்கு மேல் ஒரு வார்த்தை யாருக்கும் கிடைக்கவில்லை.