முதலில் போகிறவள்

ஆல்வின் யாண்டாவைப் போல மனைவியை மதிக்கிற ஆள் நெப்ராஸ்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார் என்று கார் கிளப்பில் பதினாறு வருடமாகப் பேச்சு. பந்தய ஞாயிறுகளில், பழைய விமானத்தளத்துக் கான்கிரீட்டில் தங்கள் குட்டித் திறந்த காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளைங்க முதல்ல" என்று குனிவார். வில்மா ஓட்டிவிட்டு வருவாள். அப்புறம்தான் அவர் ஏறுவார். இதைப் பார்த்துவிட்டுப் போன பெண்கள் வீட்டில் கணவன்மாரை என்ன பாடு படுத்தினார்கள் என்பது தனிக் கதை.

மார்ச் மாதம் ஆல்வின் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் ஹூபர் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவரும் அதே ரகக் கார்தான், அதே பிரிவுதான். ஆல்வினிடம் எப்போதும் அரை நொடியில் தோற்பார். வில்மாவை எப்போதும் அரை நொடியில் ஜெயிப்பார்.

"நல்ல மனுஷன்தான். ஆனா அடுப்பப் பத்த வெச்சது அவ, அப்பம் சுட்டது இவரு," என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

காபி எடுக்க வந்த வில்மாவின் காதில் அது விழுந்தது. விழுந்தது விழுந்தபடியே ஏழு மாதம் கிடந்தது.

விஷயம் இதுதான். ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓடவேண்டும். ஆளுக்கு நான்கு ஓட்டம், அதில் சிறந்த நேரம்தான் கணக்கு; ஒரு ஓட்டம் ஒரு நிமிடம்கூட இல்லை. பந்தய டயர் குளிர்ந்திருந்தால் சோப்புக்கட்டி, சூடேறிவிட்டால் அட்டைப்பூச்சி மாதிரி தரையைப் பிடிக்கும். மெதுரப்பர் டயர் முதல் வளைவிலேயே பிடித்துவிடும். ஆனால் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் சூடு மிஞ்சி வழுக்கும். கடினரப்பர் டயருக்குப் பிடிப்பு வர ஒரு முழு ஓட்டம் வேண்டும். ஆல்வின் ஒவ்வொரு குளிர்காலமும் கடினத்தைத்தான் வரவழைப்பார். "ரெண்டு பேர் ஓட்டற வண்டிக்கு இதுதான் சரி" என்பார். யாரும் குறை சொல்ல முடியாத நியாயம்.

ஒரே காரில் இரண்டு பேர் என்றால் அடுத்தடுத்து ஓடிவிட்டு, மற்ற கார்கள் எல்லாம் ஓடி முடிக்கும்வரை கால் மணி நேரம் காத்திருப்பது இந்தக் கிளப்பின் வழக்கம். அதற்குள் டயரின் சூட்டைக் காற்று தின்றுவிடும். ஆக, பதினாறு வருடமும் சோப்புக்கட்டி வில்மாவுக்கு, அட்டை ஆல்வினுக்கு.

அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் கதவைத் திறந்துவிட்டாரா? அல்லது வில்மா நிஜமாகவே வேகம் குறைந்தவள்தானா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அக்டோபர் மாதக் கடைசிப் பந்தயத்துக்கு அவளுடைய வேனில் இரண்டு செட் டயர் வந்திறங்கியது: புதிய மெதுரப்பர் ஒன்று, ஆல்வின் விட்டுப்போன கடினம் ஒன்று. அவள் ஜாக்கியை எடுத்துக் கடினத்தை மாட்டத் தொடங்கியதும் டெல்பர்ட் பொறுக்கமுடியாமல் வந்துவிட்டார்.

"வில்மா, இந்தக் குளிர்ல இதுல போனா பனிச்சறுக்குதான். ஒத்த ஆளு நீ. மெதுவ மாட்டு."

"மெதுவுல ஜெயிச்சா டயரு ஜெயிச்சுதுன்னு சொல்லுவ. உன் வாய் எனக்குத் தெரியாதா? அப்புறம், நான் ஒத்த ஆளு இல்ல. கெயில் வரா."

கெயில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், நாற்பது வயது, கலகலப்பு. போன வாரம் அவள் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. காலியான சீட்டைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தவளை வில்மாவே கூப்பிட்டிருந்தாள்.

"நீ முதல்ல போ," என்றாள் வில்மா, கதவைத் திறந்து பிடித்து.

"அட, உங்க கார்ல நான் முதல்லயா? ராணி மரியாதைதான் போங்க!"

கெயில் போய் வந்தாள். நாற்பத்தொன்பதரை நொடி. "அம்மாடி, முதல் வளைவுல பின்பக்கம் என்னையே முந்தப் பார்த்துது!" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். வில்மா உடனே ஏறினாள்.

முதல் வளைவில் பழக்கத்தால் முன்கூட்டியே பிரேக்கை மிதித்தாள். தேவையே இருக்கவில்லை. நினைத்த இடத்தில் கார் நினைத்தபடி திரும்பியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைக்கு முதலில் தெரிந்தது, பிறகுதான் நெஞ்சுக்கு. இது இன்னொரு கார். இந்தக் காரைத்தான் ஆல்வின் பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறார்.

மூன்று சுற்று முடிந்தபோது வில்மாவின் சிறந்த நேரம் நாற்பத்தேழு புள்ளி ஒன்பது. டெல்பர்ட்டுக்கு நாற்பத்தெட்டரை. அரை நொடிக்கும் மேலே. கூடாரத்தடியில் சில்லிக் கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் தின்றுகொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு எண்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார்கள். கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வில்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

டெல்பர்ட்டுக்கு ரோஷம். நான்காவது, கடைசி ஓட்டத்தில் உயிரைக் கொடுத்து ஓட்டினார்: நாற்பத்தேழு புள்ளி எட்டு. இறங்கி வந்து தொப்பியைச் சுழற்றினார். "இப்ப சுடு பாக்கலாம் அப்பத்த!"

பத்தில் இரண்டு பங்கு நொடி போதும். சூடான டயரில் அது வில்மாவுக்குக் கைக்கெட்டிய தூரம். கெயில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வழக்கம்போல ஓட்டுநர் பக்கம் வந்தாள். "சரி, சூடாக்கிட்டு வந்துடறேன்" என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. "இந்தத் தடவயாவது நாப்பத்தெட்டுக்கு வந்துடணும் வில்மா. எனக்குத் திறமை பத்தல போலிருக்கு," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் வில்மாவின் கை கதவிலேயே நின்றுவிட்டது. பதினாறு வருடம் இவளும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். பக்கத்தில் ஆல்வின் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்.

"கெயில், தள்ளு. நான் முதல்ல போறேன்."

"ஏன்? நீங்க ரெண்டாவதுதானே..."

"முதல்ல போறவளுக்குக் குளுந்த டயரு. ரெண்டாவது போறவளுக்குச் சூடான டயரு. உன் திறமைல ஒரு குறையும் இல்ல."

கெயிலுக்குச் சிரிப்பு போய்விட்டது. குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்டாள். "அப்ப ஆல்வின்... அவருக்குத் தெரியுமா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திடீரென்று தங்கள் காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்கள். யாருக்கும் காது மட்டும் கீழே போகவில்லை.

"ரெண்டாவதா ஏறினவங்களுக்கு முதல் வளைவுலயே தெரிஞ்சுடும்," என்றாள் வில்மா. "இன்னிக்கு எனக்கு மூணு தடவ தெரிஞ்சுது. மூணு தடவயும் உங்கிட்ட சொல்லல."

ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அதற்குள் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாது.

முதல் வளைவில் கார் வாலைச் சுழற்றியது. ஒரு கூம்பு பறந்தது. அதற்கு இரண்டு நொடி தண்டம். டெல்பர்ட் வெற்றிக் கேடயத்துக்கு அப்போதே போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். வில்மா மெல்ல ஓட்டி வந்து நிறுத்தி, இறங்கி, கெயிலுக்கு இடம் விட்டாள். குனியவில்லை, கதவையும் பிடிக்கவில்லை.

கெயில் நாற்பத்தெட்டு புள்ளி ஒன்றில் வந்தாள். "வில்மா! அது எப்படித் திரும்புது பாத்தீங்களா!" என்று கத்திக்கொண்டே குதித்து இறங்கினாள். கத்தியவள், காரின் மேல் கைவைத்து நின்ற வில்மாவைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.