வலை ஊசி

பக்கவாதம் வந்த மீனவர் அமிர்தநாயகத்தை நடக்க வைப்பதும் கையைத் தூக்க வைப்பதும் இயன்மருத்துவர் ஜெனுஷாவின் வேலை. அந்தக் கையை மறுபடி கிழிந்த வலை பொத்தப் பழக்குவது தொழில்வழிச் சிகிச்சையாளர் பிரதீபனின் வேலை. ஆனால் அமிர்தநாயகம் கெஞ்சவே, ஜெனுஷா தானே வலை ஊசியைக் கொடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் பிரதீபன் உள்ளே வந்தான். மேலிடத்துக்கு முறைப்பாடு போகப்போகிறது என்று அவள் பயந்தாள்.

“பிழைதான், மன்னியுங்கோ,” என்றாள்.

அமிர்தநாயகம் சிரித்தார். “தம்பி மட்டும் என்னவாம்? முந்தநாள் என்னை விறாந்தையிலை நடக்கப் பழக்கினவரெல்லோ! மிஸ்ஸுக்குச் சொல்லாதேங்கோ எண்டும் கேட்டவர்.”

பிரதீபன் தலையைச் சொறிந்தான். “ஓம் மிஸ். ரெண்டு நாளா உங்களுக்குப் பயந்துகொண்டுதான் திரியிறன்.”

ஜெனுஷா கதிரையொன்றை இழுத்துப் போட்டாள்.

“அப்ப இருங்கோ. முடிச்சை நீங்கள் பாருங்கோ, தோளை நான் பிடிக்கிறன்.”