பிழையால் பிழைத்த தளபதி

அந்த வீட்டில் ‘தளபதி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் ஒருவர்தான். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வெங்காயம் நறுக்குவதற்கே விரலில் துணி சுற்றிக்கொள்கிற ஆள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அக்காவைக் கட்டியவர் ஊரே கொண்டாடும் சரித்திர நாவலாசிரியர். முதல் நாவலிலிருந்து அத்தானின் கையெழுத்தை மனித எழுத்தாக மாற்றித் தட்டச்சு செய்து கொடுப்பது இவர்தான். அதற்குக் கூலியாக, ஒவ்வொரு நாவலிலும் இவரை ஒரு தளபதியாக்கி, கதை முடிவதற்குள் கொன்றுவிடுவது அத்தானின் வழக்கம்.

சாவு என்றால் ஏனோதானோ சாவு இல்லை. ஒரு நாவலில் கோட்டைக் கதவு இவர் மேல் சரிந்தது. இன்னொன்றில் பழரசத்தில் நஞ்சு. மற்றொன்றில் பாசமாக வளர்த்த சொந்தக் குதிரையே உதைத்துவிட்டது. அந்த வாரம் பழைய அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்க வாசலில் வந்து நின்றார்கள். தன் சாவைத் தானே ஒற்றுப் பிழை இல்லாமல் இத்தனை முறை தட்டச்சு செய்த மனிதன் பூலோகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இருந்தும் அத்தான் மேல் கோபம் வந்ததில்லை. வந்ததெல்லாம் பிரமிப்பு. அத்தான் குடிநீர் வாரியத்தில் குமாஸ்தாவாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுதிப் போட்ட ஒருவருக்கு அவர் அனுப்பிய பதிலைப் படித்துவிட்டு, அந்த ஆள் தண்ணீரை மறந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாராம். இதைச் சொன்னது அத்தானேதான் என்பது வேறு விஷயம். ஆனால் முதல் தொடர் வாரப் பத்திரிகையில் வந்தபோது, அவருடைய மேலதிகாரி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இளவரசன் சுரங்கப் பாதையிலிருந்து தப்புவானா மாட்டானா என்று கேட்டதும், சொல்ல மறுத்ததற்காக வேறு பிரிவுக்கு மாற்றியதும் சத்தியமாக நடந்தது. தளபதியே போய்ப் பெட்டி தூக்கி வைத்துவிட்டு வந்தார்.

அத்தான் எழுதும் அழகைப் பார்க்க வேண்டும். எழுத்து மேசையெல்லாம் கிடையாது. சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். உப்பு டப்பா கோட்டை, கரண்டிகள் குதிரைப்படை, ஸ்பூன்கள் காலாட்படை. முற்றுகை முடியாமல் ஒருவரும் சாப்பிட முடியாது. ஒருமுறை முற்றுகை சாயங்காலம் வரை இழுத்துவிட, அக்கா வந்து கோட்டையைக் கையோடு தூக்கிக்கொண்டு போய்க் குழம்பில் உப்புப் போட்டாள். அத்தான் ஒரு நிமிடம் திகைத்து நின்றார். பிறகு, அடிவானத்திலிருந்து ஒரு பெரிய கை வந்து கோட்டையை அள்ளிக்கொண்டு போவதைப் போல ஆற்றில் வெள்ளம் வந்ததாக எழுதினார். வாசகர்கள் அந்த வெள்ளத்தை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்கள். உப்பு டப்பாவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

அக்காவுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. தட்டச்சு ஆனதும் கடைசிப் பார்வை அவளுடையது. அவள் கண்ணில் பிழை தப்பாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் வாழ்த்துவதற்கு முன்னால் திருத்துவாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் எறும்பு எழுத்தில்கூட ஒரு ‘ப்’ குறைவதாகக் கண்டுபிடித்து, மருந்து சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தவள். அவள் புண்ணியத்தில், இத்தனை வருடத்தில் அத்தானின் தொடரில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு வரி அச்சானதில்லை. அத்தானுக்கு அதில் பரிசுகளைவிடப் பெருமை.

இப்போது நடந்துகொண்டிருந்தது கடைசித் தொடர். இதோடு பேனாவை மூடி வைத்துவிடுவதாக அத்தான் அறிவித்திருந்தார். கதைக்கு ஆதாரம் ஒரு கல்வெட்டில் இருந்த ஒரே ஒரு வரி: ‘பகைத் தளபதி இளவரசி கையில் உயிர் விட்டான்.’ அவ்வளவுதான். வருடம் இல்லை, காரணம் இல்லை. அந்த ஒரு வரியிலிருந்து ஒரு ராஜ்ஜியத்தையே எழுப்பி, அதில் காற்றடிக்க வைத்து, கொடி பறக்கவிட்டு, பிடிபட்ட தளபதியை இளவரசியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இன்னும் இரண்டு அத்தியாயத்தில் சாவு.

அதே சமயத்தில்தான் தளபதியின் நெஞ்சில் ஏதோ அடைப்பு என்று மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். தளபதி சகுனம் பார்க்கிறவர் இல்லை. ஆனால் குறித்த நாளும், நாவலில் அவர் சாகப் போகிற இதழ் வெளிவருகிற நாளும் ஒன்றாக இருந்ததைப் பார்த்ததும் நாட்காட்டியை மறுபடி ஒருமுறை புரட்டினார். கத்தி அங்கேயும், கத்தி இங்கேயும். வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டார்.

“அத்தான், இந்த ஒரு தடவை மட்டும் என்னை விட்டுடுங்களேன்.”

அத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். “மச்சான், நானா கொல்றேன்? கல்லுல இருக்கு. உயிர் விட்டான்னு செதுக்கி வச்சுட்டுப் போயிட்டான். நான் என்ன செய்ய?”

“அடுத்த நாவல்ல ரெண்டு தடவை வேணா சாகறேன்.”

“அடுத்த நாவல் எங்க இருக்கு?” என்றார் அத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மச்சானுக்காக உருகுகிறார் என்பது தெரிந்தது. ஆனால் சரித்திரத்தைப் பொய்யாக்கி ஒரு வரிகூட எழுதாத மனிதர். அந்தப் பிடிவாதத்தில்தான் இத்தனை ராஜ்ஜியங்கள் நின்றன. தளபதி மேற்கொண்டு கேட்கவில்லை. அடுப்படியில் அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சத்தம் நின்று போயிருந்தது.

அந்த வார அத்தியாயம் இப்படி முடிந்தது: தளபதி மண்டியிட்டிருக்கிறான். இளவரசியின் ஒரு கையில் கயிறு, இன்னொரு கையில் வாள். உப்பரிகையிலிருந்து அரசர் கொடிக்கம்பத்தைக் காட்டி உத்தரவிடுகிறார்: “மகளே, இவனைக் கட்டிக் கொல்.” அவ்வளவுதான். மீதி அடுத்த வாரம்.

தளபதி நடுங்கும் கையோடு தட்டச்சு செய்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்துச் சரி என்றாள். பத்திரிகைக்குப் போயிற்று.

இதழ் வெளியான அன்று காலையிலேயே பத்திரிகை ஆசிரியரிடமிருந்து தொலைபேசி வந்தது. மனிதருக்கு மூச்சு வாங்கியது. காரியாலயத்தின் தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறுவதாகவும், ஒரு வாசகி சந்தோஷத்தில் அழுததாகவும், ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர் ஒருவர் இது சரித்திர துரோகம் என்று சபித்ததாகவும் சொன்னார். அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. இதழை வரவழைத்துக் கடைசி வரியைப் பார்த்தார்.

“மகளே, இவனைக் கட்டிக் கொள்.”

ஒரே ஒரு எழுத்து. ‘ல்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ள்’. கம்பத்தில் கட்டிக் கொல்லச் சொன்ன அரசர், பகைவனைக் கல்யாணம் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். கணினியில் அந்த ஷிஃப்ட் பொத்தானின் மேல் தன் சுண்டுவிரல் எப்போது போய் உட்கார்ந்தது என்று தளபதிக்கு நினைவே இல்லை. நெஞ்சு அடைப்பு அப்போதே முழுசாக அடைத்துவிடும் போலிருந்தது.

“வேணும்னு செய்யல அத்தான். கை நடுங்கிடுச்சு. ஒரு பிழை திருத்தம் போட்டுடலாம்.”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, வயசாச்சு, கண்ணில் பூச்சி பறக்கிறது, கவனிக்கவில்லை என்றாள்.

அத்தான் யாரையும் திட்டவில்லை. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போய் நின்றார். உப்பு டப்பாவைப் பார்த்தார். அரசராக நின்றுகொண்டிருந்த மிளகு டப்பாவைக் கையில் எடுத்து உருட்டினார். பிழை திருத்தம் போட்டால் கதை அதன் பாட்டுக்கு நடக்கும். ஆனால் அவர் வாழ்க்கையில் முதல் திருத்தமாக, கடைசித் தொடரின் நெற்றியில் அது ஒட்டிக்கொள்ளும். போடாவிட்டால் கல்வெட்டு பொய்யாகும். தளபதி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று மிளகு டப்பா உருளுவது நின்றது.

“மச்சான், ஒன்பதாவது அத்தியாயத்துல அரசருக்கு என்ன ஆச்சு?”

“கதாயுதம் பட்டு முன்பல் ரெண்டும் போச்சு அத்தான்.”

“முன்பல் இல்லாத கிழவன் ‘கொல்’லுன்னு சொன்னா எப்படிடா கேக்கும்? நாக்கு எங்க போய் ஒட்டும்? சொல்லிப் பாரு.”

தளபதி நாக்கைப் பல்லில் படாமல் மடித்துச் சொல்லிப் பார்த்தார். ‘கொள்’ என்றுதான் வந்தது. இன்னொரு முறை சொன்னார். அப்போதும் அதுவேதான். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், போகிற போக்கில் அத்தான் உடைத்த பல் அது. இதற்காகவே உடைத்த மாதிரி அல்லவா இப்போது வந்து உட்காருகிறது.

“அரசர் வாயில வந்த சொல்லைத் திருப்பி வாங்கக் கூடாது. அஞ்சாவது அத்தியாயத்துல அவரே சத்தியம் பண்ணியிருக்கார். எழுதிக்கோ” என்றார் அத்தான்.

பேனாவைத் தொடவே இல்லை. நின்றபடியே சொல்லிக்கொண்டு போனார். தளபதியின் விரல்கள் பின்னால் ஓடின. கொல்லச் சொன்னவர் தன் சொல்லைத் தானே கேட்டு உப்பரிகையில் உறைந்து போகிறார். சபை சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நிற்கிறது. இளவரசி கயிற்றைப் பார்க்கிறாள். வாளைக் கீழே வைக்கிறாள். தளபதியின் மணிக்கட்டைக் கட்டுகிறாள், தன் மணிக்கட்டோடு சேர்த்து. அந்த இடத்தில் அத்தானின் குரல் இறங்கியது. பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் நின்றது. தெருவில் போன வண்டிகள் நின்றன, பறவைகள் நின்றன, பூமியே சுற்றுவதை ஒரு நொடி நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டது என்று தளபதி பிற்பாடு சொல்லுவார். அதில் பாதியாவது உண்மை.

“அப்போ கல்வெட்டு?” என்றார் தளபதி. கேட்காமல் இருக்க முடியவில்லை.

அத்தான் திரும்பினார். அந்த முகத்தில் இருந்த குறும்பை என்னவென்று சொல்வது.

“கல்லுல என்ன இருக்கு? இளவரசி கையில் உயிர் விட்டான். கையால்னு இருக்கா? இல்லையே. கையில். எப்போன்னு போட்டிருக்கா? அதுவும் இல்ல. இத்தனை வருஷமா நான் வாளை வச்சுத்தான் அதைப் படிச்சேன். நாப்பது வருஷம் கழிச்சு, கிழவன் ஆகி, அவ கையைப் புடிச்சுக்கிட்டுப் போனாலும் அது அதே வரிதாண்டா.”

ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஒரு மனிதனுக்கு நாற்பது வருட ஆயுளை எடுத்துக் கொடுத்துவிட்டார். மருத்துவரால்கூட அப்படி எழுதித் தர முடியாது. தளபதிக்குக் கண் கலங்கியதில் அடுத்த இரண்டு வரியும் பிழையாகவே விழுந்தன.

சிகிச்சை நாள் காலையில், தள்ளுபடுக்கையில் படுத்திருந்த தளபதியின் பக்கத்தில் நடைவழியில் அக்கா நின்றாள். அன்றைய இதழ் அவள் கையில் இருந்தது. கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். அத்தான் அந்தப் பக்கம் நர்ஸிடம் சாளுக்கியப் படையைப் பற்றி எதையோ அளந்துகொண்டிருந்தார்.

அக்கா நடைவழியின் கோடிக்குப் பார்வையை ஓட்டினாள். முகம் சுளித்தாள்.

“பெரிய ஆஸ்பத்திரி. ஒரு பலகை ஒழுங்கா எழுதத் தெரியல. ‘உறக்கப் பேசாதீர்’னு போட்டிருக்கான் பாரு. தூக்கத்துல பேசறவனையா திட்டறான்? சின்ன ‘ர’ போடணும்.”

தளபதி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கோடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது பலகையா ஜன்னலா என்றே அவருக்குப் புலப்படவில்லை. மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, கண்ணுல பூச்சி பறக்குதுன்னியே.”

அக்கா அவர் போர்வையை இழுத்துக் கழுத்து வரை விட்டாள். “எப்பவும் பறக்காது. எப்பவாவது பறக்கும். நீ வாயை மூடிட்டுப் போயிட்டு வா.”

கதவு திறந்தது. படுக்கை உருண்டது. தளபதி சிரித்துக்கொண்டே உள்ளே போனதைப் பார்த்து, மயக்க மருந்து முன்கூட்டியே கொடுத்துவிட்டோமோ என்று ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்ததாம்.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது அத்தானின் மூக்கு. மிக அருகில் இருந்தது. மச்சானின் உதடு அசைவதைப் பார்த்துக் காதைக் கொண்டுவந்தார்.

“எந்த அத்தியாயம் அத்தான்?” என்று கேட்டார் தளபதி.

“இப்பத்தான் கல்யாணமே முடிஞ்சிருக்கு” என்றார் அத்தான். “ரெண்டு வாரத்துல முடிக்கலாம்னு பார்த்தேன். நீ சாக இன்னும் நாப்பது வருஷம் கிடக்கு. அதையெல்லாம் யார் டைப் அடிக்கிறது? சீக்கிரம் எழுந்திரு.”