சேர்த்து வரைந்த இரண்டு விரல்கள்

பொற்கொடி வரைந்த படத்தில் இரண்டு விரல்களைச் சேர்க்கச் சொன்னது நான்தான். இந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஜூஜுவாடியை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் என்னைப் போலக் கம்பெனி ஆட்கள். ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன் என்று என் மனைவி ரேவதி கிண்டல் செய்வாள்.

குடியிருப்புக்காரர்கள் வரைந்த படங்களை ஹாலில் வைத்து விற்று, பக்கத்திலிருக்கும் மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்குச் சக்கர நாற்காலிகள் வாங்கித் தருவதென்று சங்கத்தில் முடிவானது. பொறுப்பு என்னிடம் வந்தது. மலை, மயில், பிள்ளையார், மறுபடியும் மயில் என்று படங்கள் குவிந்தன. அவற்றுக்கு நடுவே பொற்கொடியின் படம். அவள் கணவர் மாதவன் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ டம்ளரைப் பிடித்திருக்கிறார். வெளிச்சம் முழுவதும் அந்த வலது கையில் விழுகிறது. அசந்துபோனேன். ஆனால் கையில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

மாதவனுக்கு இருப்பதே மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் பழைய கம்பெனியில் பிரஸ் மிஷினில் போய்விட்டன. அது அப்போது எனக்குத் தெரியாது. திண்டுக்கல் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள். எப்போது பார்த்தாலும் அவர் கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். ஒருமுறை நான் கை நீட்டியபோது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். தலைக்கனம் பிடித்த ஆள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் குறையுள்ள பீஸ் கஸ்டமர் கண்ணில் படக்கூடாது. அனுப்புவதற்கு முன் ரீவொர்க் செய்து சரிப்படுத்திவிடுவோம். செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்கும் வழக்கமெல்லாம் கிடையாது. கண்காட்சிக்குப் போர்டு எழுத வந்த பெயிண்டர் நாராயணப்பனிடம் படத்தைக் கொடுத்தேன்.

“சார், அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாங்களா?” என்றார் அவர்.

“கேட்டா சங்கடப்படுவாங்க. ரெண்டு வெரலுதான, போட்டு உடுங்க.”

பெரிய மனிதத்தனமாக நடந்துகொள்வதாக எனக்கு நினைப்பு. நாராயணப்பன் கைதேர்ந்தவர். நிறம்கூட மாறாமல் அரை மணி நேரத்தில் போட்டுவிட்டார்.

கண்காட்சியன்று காலையில் பொற்கொடி போன் செய்தாள். “எங்க வீட்டுக்காரரும் வர்றாரு சார். ரெண்டு வருசமா கல்யாணம் காட்சின்னு எங்கயுமே வரல. இந்தப் படத்துக்காகத்தான் கெளம்பிட்டாரு.” அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். என் ஏற்பாட்டுக்குக் கிடைத்த பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

மாதவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கை பாக்கெட்டில் இல்லை. அவராகவே எனக்குக் கை கொடுத்தார். பிடித்தேன். மூன்று விரல்கள். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் படம் மாட்டியிருந்தது.

பொற்கொடிதான் முதலில் பார்த்தாள். “இது யாரு கை சார்?”

தெரியாமல் செய்துவிட்டேன், துடைத்துவிடலாம் என்று என்னென்னவோ உளறினேன்.

“இந்தக் கைய வரைய விடுங்கன்னு ஆறு மாசம் கெஞ்சினேன் சார். வரைஞ்சப்புறம், எல்லாரும் பாக்கட்டும்னு அவரே சொன்னாரு.”

“விடு பொற்கொடி. இப்பத்தான் பாக்க நல்லாருக்கு” என்று மாதவன் சிரித்தார். கை பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வந்தார். எங்கள் கம்பெனி ஜெனரல் மேனேஜர் ஹரீஷ்குமார். நேராக அந்தப் படத்தின் முன்னால் போய் நின்று என் பக்கம் திரும்பினார். “கையப் பாருங்க மோகன்குமார், என்ன ஒரு உயிரோட்டம்! இத நானே வாங்கிக்கறேன்.” படத்தில் இருப்பவர் மாதவன்தான் என்று யாரோ சொன்னதும் அவருக்கு ஒரே உற்சாகம். “அதே மாதிரி டம்ளரப் பிடிச்சிட்டு நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

டீ வந்தது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். ‘சார், தப்பு என்னுது’ என்று ஒரு வரி போதும். ஜெனரல் மேனேஜர் முன்னால் அந்த வரி என் வாயில் வரவில்லை.

மாதவன் இடது கையால் டம்ளரை வாங்கினார். பொற்கொடி விலகி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

“ரைட் ஹேண்ட், ரைட் ஹேண்ட்” என்றார் ஹரீஷ்குமார்.

“இருக்கட்டும் சார், வெளிச்சம் இந்தப் பக்கம்தான் நல்லா விழுது” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு என் போனில் படம் எடுத்தேன். நான் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

மாதவனுக்கு அது தெரியவில்லை. அவரைக் காப்பாற்றியதாக நினைத்து என்னை நன்றியோடு பார்த்தார். அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம்.