பவித்ரனின் கழுத்துக்கு ஒரு கை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஈப்போ புந்தோங்கில் என் பக்கத்து வீட்டுக் குமுதாதான் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, நீங்கதான் கதை எழுதுறீங்களே, என் மகன எழுதுங்க லா." சரி என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

முதல் வரி: 'ஈப்போவில் மழை பெய்துகொண்டி—'

சனியன். எல்லாக் கதையிலும் மழை.

2

பவித்ரனுக்கு நான்கு வயது. பிறக்கும்போதே மூளையில் ஒரு பகுதி வளரவில்லை. தலை நிற்காது. கழுத்தை யாரும் திருப்பக் கூடாது என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அவன் கால் முன்னால் வந்து பிறந்தவன்.*

(* அப்படிப் பிறந்தவர்கள் காலால் தேய்த்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும். ரப்பர் தோட்டத்திலிருந்து எங்களோடு லாரி ஏறி வந்த நம்பிக்கை. பஸ் ஓட்டும் ராஜு அண்ணன் அடிக்கடி வந்து குப்புறப் படுப்பார். குமுதா பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, அவன் பாதத்தை அவர் முதுகில் தேய்ப்பாள். "சாக்கிட் போச்சு லா" என்று வலி விட்டவராக எழுந்து போவார். எனக்கும் ஒருமுறை போனது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?)

3

"ஊரு முதுகெல்லாம் இவன் காலால சரியாவுது. இவன் கழுத்த சரி பண்ண ஒரு கை இருக்காதாக்கா?"

அந்தக் கை டவுனில், கழுத்தையும் முதுகையும் நெட்டி முறித்துச் சரிசெய்யும் ஏசி போட்ட கைரோபிராக்டிக் கிளினிக்கில் இருப்பதாக முடிவு செய்துவிட்டாள்.

"குமுதா, இது சுளுக்கு இல்ல. மூளை."

"நீங்க டாக்டரா?"

[இங்கே அவளை மூடநம்பிக்கைக்காரியாக்கி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். நான்கு வருடமாக அந்தத் தலையைத் தாங்குவது என் கை அல்ல.]

4

முடிவு அ: கைரோபிராக்டர், "மூளை டாக்டர் சம்மதிச்சாரா?" என்று கேட்கிறார். குமுதா 'இல்லை' என்கிறாள். திருப்பி அனுப்புகிறார். (குமுதாவாவது, இல்லை என்பதாவது.)

முடிவு ஆ: 'ஆமா' என்கிறாள். அவர் இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்து—

என்னால் முடியாது.

இரண்டையும் குமுதாவுக்கு வாசித்துக் காட்டினேன். பயப்படுவாள் என்று நினைத்தேன்.

"மூணாவது ஒன்னு எழுதுங்கக்கா. தலை நின்னு, என்னத் திரும்பிப் பாக்கிற மாதிரி."

"எழுதினா போகாம இருப்பியா?"

"எழுதுங்க. படிச்சிட்டு சொல்றேன்."

5

எழுதினேன். அழித்தேன். மறுபடியும் எழுதினேன். அது பொய். அந்தப் பொய் அவளைத் தடுக்கலாம், தள்ளியும் விடலாம்.

இப்போது கிளினிக்குக்குப் போக வாசலில் கார் நிற்கிறது. பிள்ளையைத் தோளில் போட்டு, தலைக்குக் கை கொடுத்தபடி குமுதா என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எழுதிட்டீங்களாக்கா?"

அந்த மூன்றாவது முடிவை நான் காட்டலாமா, கூடாதா? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.