காப்பி குடித்ததற்குக் கையெழுத்து

எங்கள் ஆபீசில் மொத்தம் நான்கு பேர். மேனேஜர், டைப் அடிக்க ஜயம்மா, விற்பனைக்கு நானும் பழனிமுத்துவும். விற்றது பம்ப் ஸ்டவ். ஆபீஸ் இருந்தது மைசூர் தேவராஜ மொஹல்லாவில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். ஆரம்பத்தில் காலையில் படியேறும்போது எனக்குக் கால் கனக்கும். பிறகு அதுவும் போய்விட்டது. எதுவும் தோன்றாமல் ஏறுவேன், எதுவும் தோன்றாமல் இறங்குவேன்.

மேனேஜர் பம்பாயிலிருந்து வந்தவர். மைசூரில் அவர் நேரில் பார்த்தது ரயில்வே ஸ்டேஷனும் அரண்மனையும்தான். மற்ற ஊர்களையெல்லாம் சுவரில் மாட்டிய மேப்பில் பார்த்துக்கொண்டார். கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவை விட்டு மைசூரோடு சேர்ந்திருந்த சமயம் அது. புது இடம் கிடைத்த குஷியில் ஒரு ஸ்கேலை எடுத்து மேப்பில் கோடு கிழித்தார். மேல்கோட்டைப் பக்கம் பழனிமுத்துவுக்கு, ராமாபுரம் பக்கம் எனக்கு.

பழனிமுத்து ராமாபுரத்துக்காரன். நான் மேல்கோட்டை அய்யங்கார். மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று சொன்னேன்.

"தெரிந்துதான் போட்டேன். சொந்த ஊரில் விற்கிறவன் சொந்தக்காரனுக்குச் சலுகை கொடுப்பான்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ஸ்கேலை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஸ்கேலைப் பூட்டி வைக்கிற மனிதரிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் நாங்கள் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரி அதைக் குடித்துவிட்டு, நன்றாயிருந்தது என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதத்தில் இருபது படிவம். சேராவிட்டால் வேலை போய்விடும். மேல்கோட்டையில் மடியாக இருக்கிற மாமிகள் வெளியாள் போட்ட காப்பியைக் குடித்துக் கையெழுத்தும் போடுவார்களாம்! அதையும் எடுத்துச் சொன்னேன். நல்ல சேல்ஸ்மேனுக்கு முடியாதது ஒன்றுமில்லை என்றார்.

அன்று படியிறங்கும்போது பழனிமுத்து என்னை நிறுத்தினான். அவன் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்து உத்தியோகத்துக்கு வந்தவன் அவன் ஒருவன்தான். மனைவி சொர்ணலதாவை அழைத்து வந்து இங்கேயே குடித்தனம் வைத்திருந்தான்.

"உங்கூர்ல எனக்கு ஆரைத் தெரியுமுங்க சாமி? நீங்க ராமாபுரம் போறப்ப எங்கம்மாகிட்டச் சொல்லிப்போடறேன், அது பாத்துக்கும். நீங்க உங்க சனத்துகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இந்த வேலை போச்சுன்னா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாதுங்க."

"சொல்றேன்" என்றேன். "ஆனா நான் வந்து சொல்ற வரைக்கும் அங்கே யார்கிட்டயும் என் பேரை எடுக்க வேண்டாம்."

"செரிங்க" என்றான். ஏன் என்று கேட்கவில்லை.

ராமாபுரத்தில் பஸ் நிற்கிற இடத்திலேயே அவன் அம்மா பழனாத்தாள் வந்து நின்றிருந்தாள். வீடு வீடாக அவளே கூட்டிப்போனாள். "எம்பையன்கூட வேலை செய்யற தம்பி. குடிச்சுப்போட்டுப் பெருவிரல வெய்யி" என்று அவள் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டே நடையில் இருபத்துநான்கு படிவம் சேர்ந்துவிட்டது. பஸ் ஏறும்போது, "எம்பையன் அங்க நல்லா வியாபாரம் பண்றானுங்களா?" என்று கேட்டாள். பண்றார் என்றேன்.

என் பங்கு பாக்கி இருந்தது. மேல்கோட்டையில் என் அத்தை பத்மாஸினி சொன்னால் நாலு வீதி கேட்கும். ஆனால் பழனிமுத்துவோடு அவள் வாசலில் போய் நின்றால் என்ன நினைப்பாளோ, மற்றவர்கள் என்ன பேசுவார்களோ? பூசி மெழுகுவானேன், எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிறு போகலாம் என்று தள்ளினேன், அதற்கடுத்த ஞாயிறும் தள்ளினேன். திங்கட்கிழமைதோறும் பழனிமுத்து என் முகத்தைப் பார்ப்பான். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டான். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் அவனிடம் ஒரு படிவம்கூட இல்லை. ஜயம்மா டைப் அடித்த கடிதத்தை மேனேஜர் என் கையில் கொடுத்து, நீயே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு சீக்கிரமே கிளம்பிப் போனார். கொடுத்தேன். பழனிமுத்து படித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஸ்டவ்வைத் துடைத்து, எண்ணெயை வடித்து, அடைப்புக் குத்துகிற பின்னை அதன் பெட்டியில் போட்டு மூடினான். "வாரனுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

மறுநாள் மேனேஜர் என் இருபத்துநான்கு படிவங்களையும் புரட்டிவிட்டு, "பார்த்தாயா, சொந்த ஊர் வேண்டாம் என்றேனே!" என்றார். என்னை வேலையில் நிரந்தரமாக்கினார். அந்த சந்தோஷத்தில் தன் சட்டத்தைத் தானே மறந்து மேல்கோட்டையையும் என்னிடமே கொடுத்தார்.

அத்தை ஸ்டவ்வைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏண்டா ஆழ்வார், நீயும் இதையா தூக்கிண்டு வரே? ஏழெட்டு தடவை ஒருத்தன் வந்தான்டா. நல்ல பிள்ளை. 'நான் தெருவிலயே நிக்கறேன், எதையும் தொடமாட்டேன், நீங்களே பத்தவெச்சு நீங்களே காப்பி போட்டுக் குடிங்கம்மா'ன்னான்."

எங்கள் யாருக்கும் தோன்றாத யோசனை அது.

"அப்புறம்?"

"முன்பின் தெரியாதவனை நம்பி நெருப்புச் சாமானை எப்படி உள்ளே விடறது? மைசூர்ல எங்களுக்குத் தெரிஞ்சவா யாரையாவது உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். கடைசி தடவைகூடக் கேட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்புறம் 'யாரையும் தெரியாதுங்கம்மா'ன்னுட்டான். யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லியிருந்தா, நானே நாலாத்துல சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருப்பேனே."

அழுகை வருமென்று நினைத்தேன். வரவில்லை. ஸ்டவ்வைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அத்தை தானே பம்ப் அடித்துப் பற்றவைத்துக் காப்பி போட்டாள். குடித்துவிட்டு, எங்கே போடணும் என்று கேட்டாள். நான் இடத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.