தட்டை வாங்கிய வேட்பாளர்

துளசி பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கோயில் தேர்தலின் எதிரெதிர் அணிக்காரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வந்து இரும்புக் கேட்டைத் தட்டினார்கள். ஒருவரை ஏழு மணிக்கும் மற்றவரை எட்டு மணிக்கும் வரச் சொல்லியிருப்பதாக மகள் ரமணி சொல்லியிருந்தாள். துளசி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். ரமணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரையும் ஏழு மணிக்கே வரச் சொன்னியா?"

"மறந்துட்டேன்மா. வயசாச்சுல்ல எனக்கும்."

ரமணிக்கு இருபத்திரண்டு வயது.

டத்தோ கிராமாட்டில் அவர்கள் தெருமுனையில் இருக்கும் அம்மன் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகத் தேர்தல். வீட்டுக்கு ஒரு ஓட்டு. குடும்பத் தலைவர் போட வேண்டும். கணவன் போன பிறகு அந்த வீட்டுக்குத் துளசிதான் தலைவர், ஓட்டுப் போடும் நாளில் மட்டும். திருவிழா ரதம் வாசலில் வந்து நிற்கும்போது அவள் அர்ச்சனைத் தட்டைத் தொடக்கூடாது. சுமங்கலி யாராவதுதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். போன வருஷம் அதற்காகவே செபராங் ஜெயாவிலிருந்து நாத்தனாரை வரவழைத்தார்கள். பாலத்தில் அவள் ஓட்டிவந்த கிரேத்தா ஜாமில் மாட்டிக்கொண்டது. ரதம் வந்தது, சற்று நின்றது, போய்விட்டது. துளசி ஜன்னலுக்குப் பின்னால் நின்று அதன் பின்பக்க விளக்குகளை மட்டும் பார்த்தாள். நாத்தனார் வந்து காப்பி குடித்துவிட்டு, ஜாமைத் திட்டிவிட்டுத் திரும்பினாள்.

இந்த வருஷம் தன் வாசலில் தன் கையால் தட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று துளசி முடிவு செய்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தட்டைத் தேய்த்தாள், அவ்வளவுதான்.

முதலில் உள்ளே வந்தவர் நல்லிணக்க அணியின் கார்த்திகேசு, இன்சூரன்ஸ் ஏஜெண்டு. எந்தக் கேள்விக்கும் 'படிப்படியா' என்று பதில் சொல்கிற மனிதர். பின்னால் வந்தவர் ஆகம அணியின் பக்கிரிசாமி, டயர் கடை முதலாளி. சுமங்கலி இல்லாத வீட்டு வாசலில் ரதம் நிற்கவே வேண்டாம் என்பது அவர் கட்சி. ஆனால் துளசியின் வரிசையில் அவள் வீட்டையும் சேர்த்து அடுத்தடுத்து மூன்று வீடுகளில் விதவைகள்தான் தலைவர்கள். மூன்று ஓட்டும் ஒன்றாகத்தான் விழும் என்பது தெருவுக்கே தெரியும். போன தடவை பக்கிரிசாமி தோற்றது இரண்டே ஓட்டில்.

"நாங்க வந்தா கமிட்டி போட்டு ஆராய்வோம் தங்கச்சி," என்றார் கார்த்திகேசு. "அடுத்த தவணைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடலாம்."

"ஆராய என்னா இருக்கு? பெரியவங்க வெச்சது வெச்சதுதான்," என்றார் பக்கிரிசாமி. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், துளசிம்மா."

துளசி தட்டில் தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்தாள். கேட்டுக்கு வெளியே போய், தெருப் பார்க்க நின்றுகொண்டாள்.

"அண்ணே, யாரு இத என் கையால இங்க நின்னு வாங்குறீங்களோ, இந்த வரிசை ஓட்டு அவங்களுக்கு."

பக்கத்துக் கேட்டில் சாய்ந்திருந்த வடிவம்மாள், "எனக்கும் சம்மதம்லா," என்றாள்.

கார்த்திகேசு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி. ஆனா வெளிய வேணாமே. கிச்சன்ல வெச்சுக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

"கிச்சனுக்கு ரதம் வராதுண்ணே."

பக்கிரிசாமி மீசையைத் தடவினார். மூன்று ஓட்டு. எதிராளியோ கிச்சன் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டான்.

"தோஷமெல்லாம் ரதம் வர்ற நாள்லதான்," என்றார் மெதுவாக. "இன்னைக்கு ரதம் இல்லயே." இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

கதவோரம் நின்ற கார்த்திகேசுவின் போன் ஒரு படம் எடுத்து மின்னியது.

பக்கிரிசாமி வீடு போய்ச் சேருவதற்குள் அந்தப் படம் கோயில் வாட்சாப் குழுவுக்குப் போய்விட்டது. கீழே ஒரு வரி: 'ஆகமம் பேசுறவர் தாலி அறுத்தவ கையால தட்டு வாங்குறார், பார்த்துக்கோங்க.'

ரமணி அதை முதலில் அம்மாவிடம் காட்டவில்லை. வடிவம்மாள் காட்டினாள். துளசி அந்த வரியை மறுபடியும் படித்தாள். படிப்படியாகப் பேசும் மனிதர் இந்த வார்த்தைக்கு மட்டும் ஒரே தாவாகத் தாவியிருந்தார்.

சற்று நேரத்தில் பக்கிரிசாமியின் குரல் பதிவு வந்தது. மனிதர் கொதித்துப்போயிருந்தார். "ஒரு அம்மா கையால தட்டு வாங்குனா எந்தச் சாமி கோவிச்சுக்கும்? தப்புன்னு சொல்றவன் முதல்ல அவன் அம்மா போட்ட சோத்தத் திங்காம இருக்கட்டும்!"

"இத பத்திரமா வெச்சுக்க," என்றாள் துளசி ரமணியிடம்.

ஞாயிறன்று கோயில் மண்டபத்தில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஓட்டுச் சீட்டோடு அவள் வெகுநேரம் நின்றாள். அன்று கார்த்திகேசு வாங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. பக்கிரிசாமி ஜெயித்துவிட்டு, ரதம் நிற்காது என்று பழையபடி சொல்லிவிட்டால், ஜன்னல் வழியே பார்க்க ரதம் சற்று நிற்பதுகூட மிஞ்சாது. ஆனால் கார்த்திகேசு எங்கே வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். ஒரு வாக்கும் கொடுக்காத மனிதர். மற்றவரோ தன் வாயாலேயே தப்பிக்கும் வழியை அடைத்துக்கொண்டவர். அவள் பக்கிரிசாமிக்குக் குறி போட்டாள்.

"அவருக்கா?" என்றாள் ரமணி நம்ப முடியாமல். "தோத்தா?"

"தோத்தா உங்க அத்தைய பாலத்துல வர வைக்கலாம்."

பக்கிரிசாமி ஒரே ஓட்டில் ஜெயித்தார்.

திருவிழா மாலை. ரதத்துக்கு முன்னால் பட்டுத்துண்டு போர்த்தி நடந்து வந்தார் புதிய தலைவர். துளசி கேட்டுக்கு வெளியே தட்டோடு நின்றாள். பக்கிரிசாமி அவளைப் பார்த்தார். உடனே எதிர்வீட்டு விளக்குக்கம்பத்தைப் பார்த்தார். ரதத்தை இழுத்துவந்த டிராக்டர்காரர் தலைவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை உயரவில்லை. ரதம் நகர்ந்தது.

ரமணி போனை உயர்த்தினாள். இடுப்பு உயரத்தில் சிறு ஒலிபெருக்கி ஒன்றைக் காலையிலேயே கேட்டோடு கட்டி வைத்திருந்தாள்.

"ஒரு அம்மா கையால தட்டு வாங்குனா எந்தச் சாமி கோவிச்சுக்கும்?" என்று தலைவரின் குரல் தெருவெல்லாம் கேட்டது.

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தித் திரும்பினார். சோறு பற்றிய இரண்டாவது பகுதியும் ஒலித்து முடிவதற்குள் பக்கிரிசாமியின் கை மேலே போய்விட்டது. ரதம் நின்றது. குருக்கள் இறங்கிவந்து தட்டை வாங்கினார். கற்பூரம் எரிந்தது. துளசி கும்பிட மறந்து, விளக்குகளை முன்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தில் வந்த கார்த்திகேசு தலைவரின் காதருகே, "கொஞ்சம் படிப்படியா செஞ்சிருக்கலாம்," என்றார்.

பக்கத்துக் கேட்டு திறக்கிற சத்தம் கேட்டது. வடிவம்மாள் தட்டோடு நின்றாள்.

"நீங்களுமாம்மா?" என்றார் பக்கிரிசாமி.

"ஆமாப்பா," என்றாள் வடிவம்மாள். "அடுத்த வீட்டுலயும் தேங்கா ரெடியா இருக்கு. கைய இறக்காம அப்படியே வெச்சுக்க, ஏத்தி ஏத்தி இறக்குனா வலிக்கப்போவுது."